அறுபத்தொரு நாள் ஓய்வுக்குப் பிறகு: விசைப்படகைக் கடலுக்குத் தயார் செய்வது எப்படி?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் தேதி முதல் ஜூன் 14ஆம் தேதி வரை தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விதிக்கப்படும் மீன்பிடித் தடைக்காலம் இது. 2001ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது 45 நாட்களாக இருந்த தடை, 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. நம் கர்நாடகத்தில் மங்களூர், மல்பே போன்ற துறைமுகங்களில் இது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அமலில் இருக்கும். அந்த நாட்களில் சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் விலை ஏறுவதை வைத்தே நம் இல்லத்தரசிகள் தடைக்காலத்தைத் தெரிந்து கொள்வார்கள்.

ஜூன் 14 நள்ளிரவு கடந்ததும் காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் என்று எல்லாத் துறைமுகங்களிலிருந்தும் படகுகள் புறப்படுகின்றன. இரண்டு மாதம் வருமானமின்றி இருந்த குடும்பங்களுக்கு அது திருநாள். ஆனால் இரண்டு மாதம் சும்மா நின்ற எஞ்சினுக்கு அதுதான் பரீட்சை நாள். அந்தப் பரீட்சையில் அது தேறுமா, நடுக்கடலில் காலை வாருமா என்பது அதற்கு முந்தைய பத்து நாட்களில் கரையில் நடக்கும் வேலையைப் பொறுத்தது. அந்த வேலையை முறைப்படி எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜோகுபாளையத்தில் இருப்பவர்களுக்கு அல்சூர் ஏரிதானே கடல், நமக்கு ஏன் இந்த விஷயம் என்று சிலர் கேட்கலாம். நம் அங்கத்தினர்களில் கடலோர ஊர்களில் உறவினர் உள்ளவர்கள் பலர். எனக்கே நாகப்பட்டினத்தில் மைத்துனர் உறவில் ஒருவர் விசைப்படகு வைத்திருக்கிறார். டீசல் ரயில் எஞ்சின்களோடு பணிக்காலத்தைக் கழித்த எனக்கு, அங்கே அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் படகு எஞ்சின்களைப் பார்க்கும்போது பழைய நண்பர்களைப் பார்ப்பது போலிருக்கும். அளவு வேறு, வேலை வேறு. கெட்டுப்போகும் விதம் ஒன்றுதான்.

நின்றால் ஏன் கெடுகிறது?

ஓடுகிற எஞ்சினில் எண்ணெய் எல்லாப் பாகங்களிலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சூடு ஈரத்தை விரட்டிவிடும். எஞ்சின் நின்றதும் எண்ணெய் மெல்ல வடிந்து அடித்தொட்டிக்குப் போய்விடும். சிலிண்டர் சுவரும் பேரிங்குகளும் காயும். இரவில் குளிர்ந்து பகலில் சூடாகும் காற்று உள்ளே ஈரத்தை விட்டுச் செல்லும். கடற்காற்றில் உப்பும் சேர்ந்தால் துரு பிடிக்கக் கேட்கவே வேண்டாம். ரப்பர் பாகங்கள் வளைந்த நிலையிலேயே இறுகிவிடும். பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும். அதாவது ஓய்வு என்பது நமக்குத்தான் நல்லது. இயந்திரத்துக்கு அதுவும் ஒரு தேய்மானமே.

இதற்கு 2020ஆம் ஆண்டு நல்ல உதாரணம். அவ்வாண்டு மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. படகுகள் அப்போதே கரைக்கு வந்துவிட்டன. பிறகு தடைக்காலம் தொடர்ந்தது. கிழக்குக் கடற்கரைக்கு அதை மே 31 வரை 47 நாட்களாக அரசு குறைத்தது என்றாலும், ஆக மொத்தம் படகுகள் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றன. மற்ற ஆண்டுகளில் தடைக்காலம் எப்போது தொடங்கும் என்று முன்கூட்டியே தெரியும். டாங்கை நிரப்பி, எண்ணெய் மாற்றி, பேட்டரியைக் கழற்றிவிட்டு நிறுத்தலாம். அந்த ஆண்டு அதற்கு அவகாசமே கிடைக்கவில்லை. படகை நிறுத்தும் நாளில் செய்யும் வேலைதான் எடுக்கும் நாளில் பாதிச் சுமையைக் குறைக்கிறது என்பதை அந்த ஆண்டு நன்றாக உணர்த்தியது.

முதலில் உடல், பிறகே எஞ்சின்

பலர் எஞ்சினிலிருந்துதான் தொடங்குவார்கள். முறை அதுவல்ல. தண்ணீர் உள்ளே வராமல் காப்பது உடல். எஞ்சின் நின்றாலும் மிதக்கிற படகில் இருப்பவர் பிழைப்பார். ஆகவே படகைக் கரையேற்றியதும் ஏராக்கட்டை முதல் மேல்தட்டு வரை உடலைப் பார்த்துவிட வேண்டும்.

அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசையும் பாசியையும் சுரண்டி எடுக்க வேண்டும். இவை ஒட்டியிருந்தால் படகு கனத்து, டீசல் கூடுதலாகச் செலவாகும். மரப்படகானால் சுரண்டிய இடத்தைச் சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரமும் கப்பல்புழு துளைத்த மரமும் மொத்தென்று சத்தம் தரும். ரயில் பெட்டியின் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கும் அதே வித்தைதான். பலகைகளின் இடைவெளியில் பழைய கலப்பத்து உதிர்ந்திருந்தால் எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். ஃபைபர் படகானால் வெடிப்பு, கொப்புளம், ஒட்டு விட்ட இடம் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

அடியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டையை மறக்கக் கூடாது. உப்புநீரில் இரும்பும் பித்தளையும் சேர்ந்திருந்தால் மின்வேதி அரிப்பு ஏற்படும். துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு மற்ற உலோகங்களைக் காக்கிறது. பாதி கரைந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். சிலர் அழகுக்காக அதன்மேலும் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பெயிண்ட் அடித்த துத்தநாகம் வேலை செய்யாது.

அடுத்து, உடலில் உள்ள ஓட்டைகள். கடல்நீரை உள்ளே எடுக்கும் வால்வுகள், புரொப்பல்லர் தண்டு வெளியே செல்லும் குழாய், சுக்கான் தண்டு ஆகியவை நாமே வேண்டுமென்று போட்ட ஓட்டைகள். வால்வு ஒவ்வொன்றையும் முழுக்கத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். இறுகிப்போன வால்வு, ஆபத்து நேரத்தில் மூட வராது. ரப்பர் குழாய்களை விரலால் அழுத்திப் பார்த்து, வெடித்தவற்றையும் உப்பிப்போனவற்றையும் மாற்ற வேண்டும். கிளிப்புகள் துருப்பிடித்திருந்தால் அவற்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

டீசலில் தண்ணீர்

நின்ற எஞ்சினுக்கு முதல் எதிரி டீசல் டாங்கில் சேர்ந்த தண்ணீர். பாதி காலியான டாங்கில் மேலே இருக்கும் காற்றிலுள்ள ஈரம் இரவில் தகட்டில் பனித்து வடியும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது; அடியில் போய்த் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சளி போலாகி ஃபில்டரை அடைக்கும். துறைமுகத்தில் படகு ஆடாமல் நிற்கும்போது இது தெரியாது. கடலில் அலை டாங்கைக் குலுக்கும்போது அடியில் கிடந்ததெல்லாம் மேலே கிளம்பும். கரையில் நன்றாக ஓடிய எஞ்சின் கடலில் சில மணி நேரத்தில் நின்றுபோவதற்கு அடிக்கடி இதுவே காரணம்.

சோதனை எளிது. டாங்கின் அடிப்பிளக்கைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசல் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தெரிந்தால், சுத்தமான டீசல் வரும் வரை வடித்துவிட வேண்டும். பிறகு இரண்டு ஃபில்டர்களையும் மாற்றி, கைப்பம்பை அடித்துக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். மெக்கானிக்குகள் இதை 'ஏர் எடுப்பது' என்பார்கள். குமிழி வராமல் டீசல் மட்டும் வரும் வரை பொறுமையாக அடிக்க வேண்டும்.

எஞ்சின் ஆயிலையும் டிப்-ஸ்டிக்கில் பார்க்க வேண்டும். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது. தண்ணீர் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கும் வரை அந்த எஞ்சினைக் கிளப்பக் கூடாது. கியர் பாக்ஸ் ஆயிலுக்கும் இதே விதிதான்.

குளிரூட்டும் பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். இரண்டு மாதம் ஒரே நிலையில் அழுந்திக் கிடந்த இதழ்கள் நிமிராமல் போகும். சில உடைந்தும் இருக்கும். உடைந்த துண்டு காணாமல் போயிருந்தால் அது குழாயில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேடி எடுத்தாக வேண்டும்.

பேட்டரிக்குத் தனி கவனம் தேவை. ஒவ்வொரு அறையிலும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால், முழு சார்ஜில் உள்ள பேட்டரி சுமார் 1.250 காட்டும். ஓர் அறை மட்டும் மிகக் குறைத்துக் காட்டினால் அந்த பேட்டரியை நம்ப வேண்டாம். முனைகளில் பூத்திருக்கும் பச்சையையும் வெள்ளையையும் ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவ வேண்டும். சோடா நீர் பேட்டரிக்கு உள்ளே போய்விடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அருகில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

முதல் ஸ்டார்ட்: அவசரம் ஆபத்து

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். எல்லாம் தயார் என்றதும் சாவியைத் திருகிவிடுவது வழக்கம். இங்கேதான் பெரிய செலவு காத்திருக்கிறது.

விசைப்படகின் புகைபோக்கி பெரும்பாலும் வானத்தைப் பார்த்து நிற்கும். கோடை மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியாக இறங்கி, திறந்திருக்கும் வால்வைக் கடந்து சிலிண்டருக்குள் போகும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் சிலிண்டரில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மீதமிருக்கும் இடம் சுமார் 60 மில்லி லிட்டர்தான். அதாவது நம் காபி டம்ளரில் பாதிகூட இல்லை. அவ்வளவு தண்ணீர் உள்ளே இருக்கும்போது ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டன் சுவரில் மோதியது போலாகும். கனெக்டிங் ராடு வளையும். அக்கரைப்பேட்டையில் அப்படி வளைந்த ராடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். புகைபோக்கியில் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்திருந்தால் நடந்திராத சேதம் அது. அதன் உரிமையாளர் தடை முடிந்த பின்னும் வாரக்கணக்கில் கரையில் உட்கார வேண்டியதாயிற்று.

ரயில்வேயில் இதற்கு நல்ல வழக்கம் உண்டு. 16 சிலிண்டர் கொண்ட ஆல்கோ டீசல் எஞ்சின் நெடுநேரம் நின்றுவிட்டால், ஒவ்வொரு சிலிண்டரின் சோதனைக் குழாயையும் திறந்துவிட்டு, எஞ்சினைக் கையால் முழுச் சுற்று சுற்றுவோம். தண்ணீர் இருந்தால் அந்த வழியே பீய்ச்சி அடிக்கும். ஒன்றும் வரவில்லை என்ற பிறகே ஸ்டார்ட். படகிலும் அதையே செய்யலாம். டிகம்ப்ரஷன் லிவர் இருந்தால் அதைத் தூக்கி, இல்லையென்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஃப்ளைவீலைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். தடங்கலின்றிச் சுற்றினால் நல்லது. எங்கேயாவது முட்டினால் பலத்தைக் காட்டக் கூடாது. காரணம் தேட வேண்டும்.

அடுத்து, ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்து டீசல் போகாமல் நிறுத்தி, ஸ்டார்ட்டரால் பத்து விநாடி சுற்றி ஓய்வு கொடுத்து மறுபடி சுற்ற வேண்டும். ஆயில் பிரஷர் முள் அசையும் வரை இப்படிச் செய்தால் காய்ந்திருக்கும் பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேரும். அதன் பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். குளிரூட்ட நீர் இல்லாமல் எஞ்சினை ஓடவிடக் கூடாது. படகு கரையில் இருந்தால் வெளியிலிருந்து நீர் இணைப்பு கொடுத்தே ஓட்ட வேண்டும்.

கிளம்பியதும் வேகத்தை ஏற்றாமல் கால் மணி நேரம் மெல்ல ஓடவிட்டு, பிரஷர், வெப்பம், நீரோட்டம், புகை நான்கையும் கவனிக்க வேண்டும். புகையின் நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தொடர்ந்து வெள்ளைப் புகை வந்தால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம். கிளம்பிய புதிதில் சிறிது வெள்ளைப் புகை வருவது இயல்பே.

கடைசி நாளில் இறக்காதீர்கள்

மரப்படகை ஜூன் 14ஆம் தேதி மாலையில் தண்ணீரில் இறக்கிவிட்டு இரவே புறப்படுவது தவறு. சித்திரை, வைகாசி வெயிலில் பலகைகள் காய்ந்து சுருங்கியிருக்கும். தண்ணீரில் இறங்கியதும் இடுக்குகள் வழியே கசிவு வரும். ஒன்றிரண்டு நாளில் மரம் நீரை உறிஞ்சிப் பருத்ததும் கசிவு தானே குறையும். அந்த நாட்களைப் படகு துறைமுகத்தில், பம்பும் கையுமாக ஆள் பக்கத்தில் இருக்கும்போது கழிக்க வேண்டும். குறையவில்லை என்றால் கலப்பத்து சரியில்லை. மீண்டும் கரையேற்றச் சமயமும் மிச்சமிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கரையில் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் படகின் உடல் ஒரு வடிவிலும், தண்ணீரில் மிதக்கும் படகின் உடல் சற்று வேறு வடிவிலும் இருக்கும். ஆகவே கரையில் நேராக இருந்த எஞ்சினும் புரொப்பல்லர் தண்டும் தண்ணீரில் கோணிக்கொள்ளலாம். படகு மிதந்து ஒரு நாள் ஆன பின், இரண்டையும் சேர்க்கும் கப்ளிங்கின் போல்ட்டைத் தளர்த்தி, இரு முகங்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுச் சுற்றிலும் நான்கு இடத்தில் அளக்க வேண்டும். 100 மில்லி மீட்டர் விட்டமுள்ள கப்ளிங்கில் வித்தியாசம் 0.1 மில்லி மீட்டருக்குள் இருப்பது நல்லது. அதிகமானால் அதிர்வு வரும், பேரிங் தேயும், கிளாண்டு வழியாகத் தண்ணீர் கொட்டும். பேக்கிங் கயிறு வைத்த கிளாண்டில் ஓடும்போது சொட்டுச் சொட்டாக நீர் வருவது சரியே. அதுதான் தண்டைக் குளிர வைக்கிறது. சொட்டே கூடாது என்று முறுக்கினால் தண்டு சூடாகித் தேய்ந்துவிடும்.

பின்பு படகைக் கயிற்றில் கட்டிய நிலையிலேயே முன்னோக்கியும் பின்னோக்கியும் கியர் போட்டுப் பார்க்க வேண்டும். சுக்கானை இரு பக்கமும் முழுக்கத் திருப்ப வேண்டும். இதெல்லாம் ஆன பின் எஞ்சினை நிறுத்தி ஓர் இரவு விட்டு, மறுநாள் காலை படகின் அடியில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு எண்ணெய் என்று பார்க்க வேண்டும். ஓடும்போது தெரியாத கசிவு அப்போது தெரியும். கணக்கிட்டால் ஜூன் 10ஆம் தேதி வாக்கிலேயே படகு தண்ணீரில் இருக்க வேண்டும் என்று ஆகிறது.

வெளியே மாட்டும் எஞ்சின்

சிறிய ஃபைபர் படகுகளிலும் சுற்றுலாப் படகுகளிலும் பின்னால் மாட்டும் பெட்ரோல் எஞ்சின் இருக்கும். இதற்குச் சில குறிப்புகள் மட்டும். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் தனியே பிரிந்து அடியில் நிற்கும். கார்புரேட்டரில் பிசின் போல் உறைந்ததைக் கழுவ வேண்டும். ஸ்பார்க் பிளக்கை மாற்றி, கீழ்ப்பகுதி கியர் ஆயிலைப் பார்த்து, இம்பெல்லரையும் புதிதாகப் போட வேண்டும். ஓடும்போது பக்கத்தில் பீய்ச்சும் நீர் வரவில்லையென்றால் உடனே நிறுத்த வேண்டும்.

உயிர் காக்கும் பொருட்கள்

எஞ்சின் வேலை முடிந்ததும் பலர் மறப்பது இவற்றைத்தான். லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இழுத்துப் பாருங்கள். வெயிலில் இற்றுப் போயிருக்கும். தீயணைப்பானின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா? சமையல் கேஸ் குழாய் வெடித்திருக்கிறதா? கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும். வயர்லெஸ் கருவியைப் பேசிப் பார்க்க வேண்டும். நம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ, ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை மீனவர்களுக்காக உருவாக்கியிருக்கிறது. செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்கே திரும்ப வரும் வகையில் அதன் புதிய வடிவம் 2024ல் வந்தது. அதுவும் பேட்டரி சார்ஜ் இருந்தால்தான் பேசும். கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண் படகில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

தடைக்காலத்தில் மீன்வளத் துறை அதிகாரிகள் படகுகளை நேரில் ஆய்வு செய்கிறார்கள். அது அவசியமானது. ஆனால் அவர்கள் ஒவ்வொரு எஞ்சினின் இம்பெல்லரையும் கழற்றிப் பார்க்க முடியாது. அது உரிமையாளரின் பொறுப்பு.

பணத்துக்கு மேற்பட்ட விஷயம்

இவ்வளவு பாடும் பணத்துக்காக மட்டும் அல்ல. ராமேஸ்வரம் பக்கம் கடல் குறுகலானது. 1974, 1976 ஒப்பந்தங்களின்படி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே வகுக்கப்பட்ட எல்லைக்கோடு கடலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. எஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகும். பழுதாகி எல்லை தாண்டிச் சென்று கைதான மீனவர்கள் பற்றி நாளிதழ்களில் படிக்கிறோம். ஓர் ஐந்தாறு பேர் மாதக்கணக்கில் வீடு திரும்பாமல் போவதற்கு ஒரு பாட்டில் தண்ணீர் கலந்த டீசல் போதும். கடன் வாங்கித்தான் பலரும் தடைக்காலத்தில் படகைப் பழுது பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பணம் குறையும்போது பெயிண்டைத் தள்ளிப் போடலாம். ஃபில்டரையும் இம்பெல்லரையும் லைஃப் ஜாக்கெட்டையும் தள்ளிப் போடக் கூடாது. கடலோரத்தில் உறவினர் உள்ள அன்பர்கள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அனுப்பி வைத்தால் மகிழ்வேன்.

படகு இல்லாதவர்களுக்கும் இதில் பயனுண்டு. மாதக்கணக்கில் வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் தங்கிவிட்டு வருகிறோம். ஸ்கூட்டரும் காரும் சும்மா நிற்கின்றன. அடுக்கு மாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டர் மின்வெட்டு வரும் வரை தூங்குகிறது. அங்கும் இதே வரிசைதான்: நிறுத்தும்போது டாங்கை நிரப்புங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எலியும் மழையும் புகாமல் மூடுங்கள். எடுக்கும்போது எரிபொருள், ஆயில், தண்ணீர், பேட்டரி, பெல்ட், குழாய் என்று வரிசையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் சாவியைத் திருகுங்கள். ஜெனரேட்டரை மாதம் ஒரு முறையாவது சுமையோடு அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.